லயத்துக் காம்பராவில் வள்ளுவர்

தமிழர் வீட்டுத் திருமணங்களில் இருவர் தவறாது எழுந்தருளியிருப்பர். ஒருவர் பிள்ளையார், மஞ்சளிலே பிடித்துவைத்த அளவில் மணவறையில் அமர்ந்துவிடுவார். மற்றவர் திருவள்ளுவர், அழைப்பிதழின் தலையிலும் வாழ்த்துமடலின் முகப்பிலும் வீற்றிருப்பார். மஞ்சட் பிள்ளையார் சில நாளில் நீரிற் கரைந்து விடைபெற்றுக்கொள்வார். வள்ளுவரோ புகுந்த வீட்டை விட்டு வெளியேறுவதேயில்லை. கண்ணாடிச் சட்டத்துக்குள் புகுந்து, சுவரிலே தொங்கி, தம் திருவுருவத்தின் கீழே ஆண்டுக்கணக்காக நடைபெறும் வாய்ச்சண்டைகளை எல்லாம் கண்ணிமைக்காமற் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பெருந்தகையின் பொறுமைக்கு அவருடைய பொறையுடைமை அதிகாரமே சான்று.

சப்பிரகமுவ மாகாணத்தில், இரப்பர் மரமும் தேயிலைச் செடியும் சூழ்ந்த ஊரொன்றில் முப்பது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருகின்றேன். பள்ளிக்கூடத்தில் நன்னூல், வார இறுதியிற் கீழைத்தேயக் கல்லூரியில் தொல்காப்பியம். இவ்விரண்டுக்கும் அப்பால், ஊதியம் இல்லாத மூன்றாவது தொழில் ஒன்றும் என்னை வந்து பற்றிக்கொண்டது. வாழ்த்துமடல் எழுதுவதும் மணமேடையில் வாழ்த்துரை கூறுவதுமே அத்தொழில். எட்டியாந்தோட்டை முதல் இறக்குவானை வரை, தெரணியகலை முதல் பலாங்கொடை வரை, மாரியம்மன் கோயில் முன்றிலிலே தாலி கட்டிய இளைஞர் பலர்க்கு ஆன்றோர் வாக்கை எடுத்தோதியிருக்கின்றேன். ஓதியதன் பயன் யாது என்பதை ஐந்தாறு ஆண்டு கழித்து அதே வீடுகளிற் கண்டுமிருக்கின்றேன்.

கண்ட உண்மை இதுதான். தலைவலி வந்தவன் தன் தலைவலிக்கே மருந்து வாங்குகின்றான். மறைநூலைப் புரட்டும்போது மட்டும் மனைவியின் குறைக்கே மருந்து தேடுகின்றான். மனைவியும் அவ்வாறே, அவள் கண்ணிற் படுவன எல்லாம் கணவனுக்கு உரிய பாடல்கள். மாமியாரோ இருவரையும் விஞ்சிவிடுகின்றார். பொருட்பாலில் 'பெண்வழிச் சேறல்' என்று ஓர் அதிகாரம் உண்டு என்ற செய்தியை மட்டும் எங்கிருந்தோ கேட்டு வைத்துக்கொண்டு, மகனுக்கு வேளை பார்த்து நினைவூட்டுகின்றார். அந்த வீட்டிலே திருக்குறள் 1330 பாக்களும் இருக்கின்றன. ஆயினும் தனக்கு உரியதைத் தானே படிப்பார் ஒருவரும் இல்லை.

கேகாலைப் பக்கத்து இரப்பர்த் தோட்டமொன்றில் நிகழ்ந்ததைச் சொல்லுகின்றேன். கணவன் தமிழார்வம் மிக்கவன். தோட்டத்து வாசிகசாலைக்குச் செயலாளனாயும் இருந்தவன். 'வாழ்க்கைத் துணைநலம்' என்னும் அதிகாரத்தில் அவனுக்கு அளவற்ற பற்று. அதிலும் ஐந்தாவது பாட்டு அவன் உயிர். கணவனையே தெய்வமாகக் கொண்டு துயிலெழும் மனைவி கட்டளையிட்டால் வானமும் பணிந்து பொழியும் என்னும் கருத்துடையது அது. அதனைக் கொட்டை எழுத்தில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டான். மனைவி அடுப்பூதும்போது கண்ணிற் படவேண்டும் என்பது அவன் திட்டம்.

அவ்வீட்டுக்கு நான் தேநீர் அருந்தச் சென்ற நாளில், அந்த அம்மை சுவரைக் காட்டி என்னை வினவினாள்:

"வாத்தியார் ஐயா, இதுல என்னா எழுதியிருக்குன்னு இவரு சொன்னாரு. பொண்டாட்டி சொன்னா மழை பேயுமாம். மழை பேஞ்சா நம்ம தோட்டத்துல பால் வெட்டு ஏதுங்க? பேர் ஏதுங்க? பேயாதேன்னு சொன்னா நிக்கிற மாதிரி ஏதாச்சும் பாட்டு இருந்தா எழுதிக் குடுங்க. நான் இவரைத் தினமும் கும்பிட்டுக்கிறேன்."

அன்பர்களே, பரிமேலழகர் முதலாகிய உரையாசிரியர்கள் பதின்மரும் இக்குறளுக்கு உரை கண்டனர். இரப்பர்த் தோட்டத்து உரை மட்டும் எழுதப்படாமலே இருந்தது. வள்ளுவர் கண்ட நாடு நெல் விளையும் நாடு; அங்கே மழையே செல்வம். சப்பிரகமுவவின் கதை வேறு. இங்கே வானம் கேளாமலே கொடுக்கும் வள்ளல். விடியற்காலையில் மழை விழுந்தால் மரத்தின் பட்டை நனைந்துவிடும். நனைந்த பட்டையிற் கத்தி வைத்தால் பால் வெட்டுவாய் வழியே ஒழுங்காக வடியாமல் மரமெங்கும் பரவிக் கெடும். சிரட்டையில் விழுந்த பாலும் மழைநீரோடு கலந்து வழிந்தோடும். ஆதலால் மழை நாளிற் பால் வெட்டு நிற்கும்; பால் வெட்டு நின்றால் அன்றைய பேர் போகும். மரத்துக்குப் பிளாஸ்டிக்குப் பாவாடை கட்டி மழையைத் தடுக்கும் முறை பின்னாளில் வந்ததும் இந்த இடரைக் குறைத்தற்கே. இத்தகைய நாட்டிலே மழையை ஏவவல்ல பத்தினி ஒருத்தி தோன்றுவாளாயின், அவளை முதலில் தடுக்க முற்படுபவன் அவள் கணவனாகத்தான் இருப்பான்!

வள்ளுவர் சொன்னது பிழை என்று இதனால் ஆகிவிடாது. அப்பாட்டின் உட்கருத்து வேறு. மனைவியின் உறுதிக்கு உள்ள ஆற்றலை உயர்வு நவிற்சியாற் சொன்னதாகவே நான் வகுப்பிற் கற்பிக்கின்றேன். எனினும் நூலை வீட்டுக்குக் கொண்டுவருபவன், அந்த வீடு எந்த நிலத்தில் இருக்கின்றது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முல்லைக்கும் மருதத்திற்கும் ஒழுக்கம் வேறுவேறாக வகுத்தவர் நம் முன்னோர். இரப்பர் நிலத்துக்கு அவர்கள் திணை வகுக்கவில்லை. அந்தக் குறையை அந்த அம்மை ஒரே வினாவால் நிறைவு செய்துவிட்டாள்.

நிற்க. அதே அதிகாரத்தின் முதற்பாட்டும் தோட்டத்தில் நுழைந்தவுடன் சற்றே தடுமாறுகின்றது. கணவனது வருவாயின் அளவறிந்து இல்லறம் நடத்துபவளே நல்ல துணை என்பது அதன் கருத்து. வருவாய் கணவனுடையது, செலவு மனைவியுடையது என்னும் அமைப்பை அது தனக்கு அடிப்படையாகக் கொண்டது. தேயிலைத் தோட்டத்தில் அந்த அமைப்பு என்றுமே இருந்ததில்லை. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறிக் கொழுந்து பறித்தவள் பெண். பறித்த கொழுந்து நிறுக்கப்பட்டதும் அவள் பெயரில்தான். ஆயினும் நெடுங்காலம் அவளுக்குக் கிடைத்த நாட்சம்பளம் ஆணின் சம்பளத்திலும் குறைவு. 1984ஆம் ஆண்டிலேதான் தோட்டத்தில் ஆண், பெண் இருபாலார்க்கும் நாட்சம்பளம் சமமாக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் பல தோட்டங்களில் மனைவியின் சம்பளத்தைக் கணவனே சென்று வாங்கிக்கொள்ளும் வழக்கம் இருந்து வந்தது. ஆகவே இங்கே பாட்டைத் திருப்பிப் படித்தாற்றான் பொருள் பொருந்துகின்றது. மனைவியின் வருவாய் அறிந்து செலவு செய்பவனே நல்ல வாழ்க்கைத் துணைவன். வள்ளுவர் இதனை மறுப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. 'துணை' என்ற சொல்லுக்கு ஆண்பால் பெண்பால் வேறுபாடு தமிழில் இல்லை.

வடமொழி மறையின்பாற் சென்றாலும் இதே கதைதான். இருக்கு வேதத்துப் பத்தாம் மண்டலத்தில் எண்பத்தைந்தாம் பாசுரம் சூரியன் மகளாகிய சூரியையின் திருமணத்தைப் பாடுவது. இல்லற நெறி வகுத்த கிருகிய சூத்திரங்கள், மணமக்கள் தீயின் அருகே ஏழடி நடக்க வேண்டும் என்கின்றன. முதல் ஆறு அடிகளில் உணவு, வலிமை, செல்வம், மக்கட்பேறு என்று வேண்டுகோள்கள் அடுக்கடுக்காய் வரும். ஏழாவது அடியிலே வருவது தோழமை. மேளமும் நாதசுவரமும் உச்சத்தில் ஒலிக்கும் அவ்வேளையில் மந்திரம் எவர் காதிலும் விழுவதில்லை. அதன் பொருளோ எவர் கருத்திலும் நுழைவதில்லை. கணவன் ஆண்டவன் என்றோ மனைவி அடியாள் என்றோ அந்த ஏழாம் அடி சொல்லவில்லை, தோழராகுக என்கின்றது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள லயத்துக் காம்பராவில் ஏழடி எடுத்து வைத்தால் அடுத்த வீட்டு அடுப்பங்கரை வந்துவிடும் என்பது வேறு செய்தி.

லயம் என்று சொன்னேன். தோட்டத்தை அறியாத அன்பர்க்கு ஒரு விளக்கம் கூறுதல் வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசை வரிசையாக அறைகளை அமைத்து, அறை ஒன்றுக்கு ஒரு குடும்பம் என்று தொழிலாளரைக் குடியமர்த்தினார்கள். அறைக்குக் காம்பரா என்று பெயர். முன்புறத்து ஒடுங்கிய திண்ணைக்கு இஸ்தோப்பு என்று பெயர். தனிவீடு கட்டிக் குடியேறிய குடும்பங்கள் இன்று உண்டு. லயத்திலேயே வாழும் குடும்பங்களும் இன்னும் பல உண்டு. இந்தக் காம்பராவுக்குள் திருக்குறளின் மூன்றாம் பாலைக் கொண்டுவந்து வைத்துப் பார்ப்போம்.

ஊடல் என்பதைத் தமிழ் இலக்கியம் ஒரு கலையாகவே வளர்த்தது. வள்ளுவர் தம் நூலின் கடைசி மூன்று அதிகாரங்களை, அதாவது 131 முதல் 133 வரை உள்ளவற்றை, ஊடலுக்கே ஒதுக்கியிருக்கின்றார். புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்பன அவை. ஊடலை உணவின் உப்போடு ஒப்பிடுகின்றார். சிறிது கூடினாலும் சுவை கெடும் என்பது கருத்து. அடுத்த அதிகாரத்திலோ அவருடைய நகைச்சுவை கரைபுரண்டு ஓடுகின்றது. கணவன் தும்முகின்றான். மனைவி வழக்கப்படி வாழ்த்துகின்றாள். வாழ்த்திய வாய் மூடுமுன்பே, உம்மை நினைத்தவள் எவள் என்று கேட்டு அழுகின்றாள். சரி என்று அடுத்த தும்மலை அவன் அடக்கிக்கொள்கின்றான். உமக்கு வேண்டியவர் நினைப்பதை என்னிடம் மறைக்கின்றீரோ என்று அதற்கும் அழுகின்றாள். உன்னை நினைத்தேன் என்கின்றான். இடையிலே மறந்ததனாலன்றோ நினைத்தீர் என்று ஊடுகின்றாள். பேசினாலும் குற்றம், பேசாதிருந்தாலும் குற்றம். ஈராயிரம் ஆண்டுப் பழமை பேசும் நூல் என்று இதனைச் சொன்னால், மணமான என் மாணவர் எவரும் நம்ப மறுக்கின்றனர். நேற்று எழுதியது என்றே எண்ணுகின்றனர்.

இத்துணை நயமான ஊடலுக்கு ஒரு வசதி தேவை. சினந்த தலைவி சென்று அடைத்துக்கொள்ள ஒரு கதவு வேண்டும். வெளியே நின்று இறைஞ்சத் தலைவனுக்கு ஒரு முற்றம் வேண்டும். காம்பராவில் அதற்கு இடமேது? ஓர் அறையில் தும்மினால் மூன்றாம் அறையிலிருந்து 'நூறு வயசு' என்று வாழ்த்துக் கேட்கும். உம்மை நினைத்தவள் எவள் என்று மனைவி கேட்குமுன், பக்கத்து அறைக் கிழவி விடையே சொல்லிவிடுவாள். பாயின் ஒரு முனையில் மாமியார், மறுமுனையிற் பிள்ளைகள், நடுவே ஊடல். இந்த நெருக்கத்திலே முகத்தைத் திருப்பிக்கொண்டால் மூக்குச் சுவரில் இடிக்கும்.

இவ்விடத்தில் பெரியபுராணத்துத் திருநீலகண்ட நாயனார் நினைவுக்கு வருகின்றார். தில்லையிலே மட்கலம் வனைந்து வாழ்ந்தவர். பரத்தை ஒருத்தியின் வீட்டுக்குச் சென்று திரும்பிய அவரை, இறைவன் திருநீலகண்டத்தின் மீது ஆணையிட்டு, 'எம்மை' என்னும் பன்மைச் சொல்லாலே தம்மைத் தீண்டலாகாது என்று மனைவியார் தடுத்துவிட்டார். அந்தப் பன்மையைக் கேட்ட நாயனார், பெண்கள் எவரையுமே இனி மனத்தாலும் தீண்டேன் என்று உறுதி பூண்டார். ஓர் இலக்கண விகுதி ஒரு மனிதனைத் திருத்திய வரலாறு உலகில் வேறெங்கும் உண்டா என்பதைத் தமிழாசிரியர் அனைவரும் பெருமையோடு கேட்கலாம். அந்த அம்மையும் நாயனாரும் அயலார் அறியாத வண்ணம் ஒரே வீட்டில், முதுமை வரையும், ஒருவரை ஒருவர் தீண்டாமல் வாழ்ந்தனர். இறைவன் சிவயோகியாய் வந்து அதனை உலகறியச் செய்து, இருவர்க்கும் இளமையை மீட்டளித்தான் என்பது வரலாறு.

இக்கதையை நான் சொல்லி முடித்ததும், கொழுந்து பறிக்கும் அம்மை ஒருத்தி வியந்தது இறைவனின் அருளை அன்று. "அக்கம்பக்கத்துக்குத் தெரியாமயா ஐயா அத்தனை வருசம்? அவங்க லயத்துல இருக்கல போல" என்றாள். சேக்கிழார் பெருமான் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். நாயனாரின் உறுதியை நாம் வியந்தோம். அவள் வியந்தது அவர்களுக்கு வாய்த்திருந்த மறைவை. கணவனும் மனைவியும் தமக்குள் தீர்த்துக்கொள்ளவேண்டியதைத் தமக்குள் தீர்த்துக்கொள்ள நான்கு சுவரும் ஒரு கதவும் வேண்டும் என்பதை எந்த மறையும் விதியாக எழுதவில்லை. எழுத வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. அது இல்லாத வாழ்வை அவர்கள் கண்டதில்லை.

ஊடல் தீர்க்கும் தூதரைப் பற்றியும் ஒரு சொல். தொல்காப்பியர் கற்பியலில் தலைவனுக்காகத் தலைவியிடம் பரிந்து பேசும் வாயில்கள் பன்னிருவரைக் கூறுகின்றார். தோழி, பாங்கன், பாணன், அறிவர் முதலியோரோடு விருந்தினரும் அப்பட்டியலில் உண்டு. வீட்டுக்கு விருந்து வந்துவிட்டால் தலைவி சினத்தை மறைத்து முகம் மலர்ந்தே ஆகவேண்டும். இந்த நுட்பம் அறிந்த தலைவன் விருந்தினரை முன்னிட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைவான். இது இன்றும் தோட்டங்களில் வழுவாமல் நடைபெறும் ஒரே தொல்காப்பிய விதி. சம்பள நாளிற் காலந்தாழ்ந்து வீடு திரும்பும் கணவர் சிலர், வழியிலே என்னைக் கண்டால், "வாங்க ஐயா, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்று மிகுந்த அன்போடு அழைப்பர். அந்த அன்பு என்மீது கொண்டது அன்று. கற்பியற் சூத்திரத்தின்மீது கொண்டது என்பதை நான் அறிவேன். தேநீர் நன்றாகவே இருக்கும்.

மானிடத் தூதரின் நிலை இது. தெய்வமே தூது சென்ற கதையும் நம் சைவத்தில் உண்டு. சுந்தரமூர்த்தி நாயனார் திருவொற்றியூரிலே சங்கிலியாரை மணந்துகொண்ட செய்தி திருவாரூர்ப் பரவையாருக்கு எட்டிவிட்டது. நாயனார் திரும்பி வந்தபோது அந்த வீட்டு வாயில் அவருக்குத் திறக்கவில்லை. அனுப்பிய பெரியோர் வெறுங்கையோடு திரும்பினர். இறைவனிடம் முறையிட்டார் நாயனார். நள்ளிரவில், கோயில் அர்ச்சகர் கோலத்தில், ஆரூர்ப் பெருமான் தாமே பரவையார் திருமாளிகைக்கு நடந்தார். பரவையார் இணங்கவில்லை. இறைவனும் தோற்றுத் திரும்பினார்! தம் உண்மைக் கோலத்தோடு இரண்டாம் முறை சென்ற பின்பே அந்த ஊடல் தணிந்தது.

இதனைப் புராணப் படிப்பில் ஓதும்போதெல்லாம் தோழமையின் எளிவந்த தன்மையைக் கண்டு நாம் உருகுகின்றோம். உருகுவதோடு வேறொன்றையும் கவனித்தல் நலம். வாயிலைத் திறந்தே ஆகவேண்டும் என்று இறைவன் ஆணையிடவில்லை. கற்பிலக்கணம் எடுத்துரைத்து அவரை அச்சுறுத்தவும் இல்லை. பரவையார்க்குச் சினங்கொள்ளும் உரிமை உண்டென்பதை மூவுலகும் உடையவன் ஒப்புக்கொண்டு, இரண்டு முறை தெருவில் நடந்தான். நம் ஊர்ச் சமாதானக் குழுவினரோ ஒருமுறை நடப்பதற்கே சலித்துக்கொள்கின்றனர்.

நகைச்சுவையை ஒருபுறம் வைத்துவிட்டு ஒன்றைச் சொல்லவேண்டும். சில ஆண்டுகளின் முன்னர் இளம்பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு தாய் வீட்டு லயத்துக்குத் திரும்பி வந்திருந்தாள். கணவன் குடித்துவிட்டு அடிப்பதாகச் சொன்னாள். சொல்லாவிட்டாலும் அவள் முகத்தின் வீக்கமே சொல்லியிருக்கும். பெரியவர்கள் கோயில் மண்டபத்திற் கூடினார்கள். "பண்டிதரையா, நீங்க நாலு நல்ல குறள் சொல்லிப் புத்தி புகட்டி அந்தப் புள்ளையை அனுப்பி வைங்க" என்று என்னிடம் நூலையும் நீட்டினார்கள். ஆறாம் அதிகாரத்தைப் படிக்கவேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு.

நான் 93ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். அது 'கள்ளுண்ணாமை'. "இது அந்தத் தம்பிக்கு உரியது, அவரை முதலில் அழைத்து வாருங்கள், படிப்போம்" என்றேன். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அடிபட்ட பெண்ணுக்குப் பாட்டுப் படிப்பது எளிது. அவள் எதிரே உட்கார்ந்திருக்கின்றாள். அடித்தவனைத் தேடிப் பிடித்துப் படிப்பதுதான் கடினம். இந்நாட்டில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நீதிமன்றத்தின் பாதுகாப்புக் கட்டளையைக் கேட்கும் உரிமையை அவளுக்கு அளித்திருக்கின்றது என்பதையும் அவ்விடத்திலேயே சொன்னேன். அன்று அவளை யாரும் அனுப்பவில்லை. தாயோடு இருந்து, பெயர் பதிந்து, கொழுந்து பறித்தாள். மூன்று மாதம் கழித்துக் கணவன் தானே வந்தான். தெளிந்த கண்ணோடு வந்தான். தன் சம்பளத்தைத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, அவன் ஒப்புக்கொண்ட பின்பே அவள் புறப்பட்டாள். எந்தக் குறளும் அன்று ஓதப்படவில்லை.

திருமறைகள் சாட்டை அல்ல. எதிரே நிற்பவர்மீது வீசுவதற்காக எந்தச் சான்றோரும் அவற்றை முறுக்கித் திரிக்கவில்லை. இவ்வுண்மையைத் தோட்டத்து மக்கள் அறியாதவர் அல்லர். அவர்களுக்கு ஏடு இல்லாத மறையொன்று உண்டு. அது காமன் கூத்து.

மாசி மாதத்து அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தோன்றியதும் காமன் பொட்டலிலே கம்பம் ஊன்றுவார்கள். தப்பொலி மலையெங்கும் கேட்கும். தோட்டமே பெண் வீடு, பிள்ளை வீடு என்று இரண்டாய்ப் பிரிந்து, ரதிக்கும் மன்மதனுக்கும் திருமணம் செய்துவைக்கும். தேவர்களின் தூதன் ஓலை கொண்டு வருகின்றான். சிவபெருமானின் தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுகின்றான். போகவேண்டாம் என்று ரதி தடுக்கின்றாள். அங்கே தொடங்குகின்றது தர்க்கம். கூத்தின் உயிர்நாடியே அதுதான். கண்ட கனவைச் சொல்லிப் பார்க்கின்றாள், காரணம் காட்டுகின்றாள், அழுகின்றாள், சினக்கின்றாள். மன்மதனோ என் வீரம், என் கணை, என் கடமை என்றே பாடுகின்றான். இரவெல்லாம் நீளும் வாதத்தின் முடிவில் அவன் போகின்றான், நெற்றிக்கண் திறக்கின்றது, எரிகின்றான். ரதியின் ஒப்பாரியைக் கேட்டுக் கண் கலங்காத பெண் அந்தப் பொட்டலில் இருப்பதில்லை. பின்னர் இறைவன் இரங்கி அவனை எழுப்புகின்றான். ரதியின் கண்ணுக்கு மட்டும் உருவுடையவனாயும், மற்றையோர்க்கு உருவிலியாயும் இருக்க வரம் தருகின்றான்.

கந்தபுராணத்துக் காமதகனப் படலத்தைப் பயின்ற நாம், இறைவனின் தவத்தைக் கலைக்கத் துணிந்த காமன் அழிந்தான் என்னும் தத்துவத்தைக் காண்கின்றோம். பொட்டலிலே சாக்கை விரித்து அமர்ந்திருக்கும் பெண்கள் காண்பது வேறு. இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டமொன்றில், விடியுமுன் குளிரிலே, என் பக்கத்தில் இருந்த மூதாட்டி ஒருத்தி பெருமூச்செறிந்து கூறினாள்: "ரதி சொன்னதை ஒரு வார்த்தை கேட்டிருந்தா இந்த மனுசன் எரிஞ்சிருப்பானா?" சற்று நேரம் கழித்து மீண்டும் தனக்குள்ளே பேசுவது போற் சொன்னாள்: "அந்த மன்மதன் ஊருக்குத் தெரியாம வீட்டுக்கு மட்டும் தெரிஞ்சான். நம்ம வீட்டு மன்மதனுங்க ஊருக்கெல்லாம் தெரியுறானுங்க, வீட்டுக்குத்தான் தெரியுறதில்ல."

இதனினும் சிறந்த உரையை நான் எந்தச் சுவடியிலும் கண்டதில்லை. மனைவி அறிவுள்ளதைச் சொல்லுகின்றாள், கணவன் கேளாமற் கெடுகின்றான் என்பதை ஆண்டுதோறும் ஆண்களே வேடம் பூண்டு, ஆண்களே பாடி, ஊரறிய ஆடிக் காட்டுகின்றனர். ரதியாக வருபவரும் பெரும்பாலும் ஆடவரே. ஓர் இரவாவது மனைவியின் வழக்கைத் தன் வாயாற் சொல்ல வேண்டியிருப்பது ஓர் ஆடவனுக்கு நல்ல பயிற்சி. மறுநாட் காலை பிரட்டுக்குச் செல்லும்போது அந்தப் பயிற்சி நினைவிருக்குமா என்பது வேறு வினா.

மீண்டும் வள்ளுவரிடம் வருவோம். அறத்துப்பாலிலும் பொருட்பாலிலும் அவர் ஆசிரியராய் நின்று பேசுகின்றார். இது செய், இது செய்யற்க என்கின்றார். ஆனால் காமத்துப்பாலின் 25 அதிகாரங்களில், அந்த 250 பாக்களில், அவர் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்கின்றார். அங்கே தலைவி பேசுகின்றாள், தலைவன் பேசுகின்றான், தோழி பேசுகின்றாள். எவருக்கும் எவரும் இலக்கணம் கற்பிக்கவில்லை. தம் நெஞ்சில் இருப்பதைத் தாமே சொல்கின்றனர். உலகுக்கெல்லாம் அறம் வகுத்த பெருமகன், கணவன் மனைவியர் வாயிலுக்கு வந்ததும் போதனையை நிறுத்திவிட்டு, அவர்கள் பேசுவதைக் கேட்கத் தொடங்கினார். நாமோ அவர் வாய் மூடிய இடத்திலும் அவரைப் பேசச் சொல்லி வற்புறுத்துகின்றோம்.

ஆதலின் இப்போதெல்லாம் வாழ்த்துமடல் கேட்டு வருவோரிடம் நான் ஒரு நிபந்தனை வைக்கின்றேன். ஆறாம் அதிகாரத்து ஐந்தாம் பாட்டை எழுதித் தரமாட்டேன். மழை மிகுந்த நாட்டிலே அது பாதுகாப்பானதும் அன்று. கடைசி அதிகாரமாகிய ஊடலுவகையில் ஒரு பாட்டை எழுதித் தருகின்றேன். ஊடலிலே தோற்றவரே வென்றவர் என்னும் கருத்துடையது அது. இருவரில் எவர் தோற்கவேண்டும் என்று வள்ளுவர் பெயர் குறிக்கவில்லை. ஆகையால் ஒருவர் மற்றவர்மீது அதனை வீச முடியாது. தமக்கென்று எடுத்துக்கொண்டாலன்றி அப்பாட்டாற் பயனில்லை. அடுப்படிச் சுவரில் ஒட்டுவதாயின், அடுப்பூதும் முறை இருவர்க்கும் உண்டென்று கொண்டு ஒட்டுக.